"நேத்து ரேட்டை ஏன் திரும்ப அனுப்புறீங்க?" வண்டன்மேட்டு ஏலக்காய்க் கடையில் ஒரு லினக்ஸ் நிகழ்வு ஆய்வு

ஏலக்காய் வியாபாரத்தில் காலை ரேட் என்பது பால் மாதிரி. மதியம் தாண்டினால் திரிந்துவிடும். கேரளத்து இடுக்கி மலையில் இருக்கிற வண்டன்மேட்டில் ஒரு கடையிலிருந்து தினமும் காலையில் டெல்லி, சென்னைப் பார்ட்டிகளுக்கு ஒரு மெயில் போகும். எட்டு எம்எம் காய் என்ன விலை, ஏழு-எட்டு எம்எம் காய் என்ன விலை, லிட்டர் வெயிட் (ஒரு லிட்டர் அளவுக் காயின் எடை) எவ்வளவு, கையில் எத்தனை மூட்டை என்று நாலைந்து வரி. ஐப்பசி பிறந்து பத்து நாள் இருக்கும். டெல்லிப் பார்ட்டி முதலாளிக்குப் போன் போட்டு, "நேத்து சாயந்தர ரேட்டையே ஏன் திரும்பத் திரும்ப அனுப்புறீங்க? இன்னைக்கு ரேட் எங்கே?" என்று கேட்டிருக்கிறார். முதலாளிக்குக் கோபம். கடையில் அந்த மெயிலை அடித்து அனுப்பும் அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர். கடைசியில் பழி என் தலையில் விடிந்தது, ஏனென்றால் அந்த கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுத்தவன் நான்.

கோளாறைப் பிடிக்க நான் மூன்று தடவை கம்பம்மெட்டு மலை ஏறினேன். முதல் இரண்டு தடவை ஏறியது வீண். அந்த வீணான இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். எந்த இடத்தில் கண் தவறியது என்று தெரியாவிட்டால் இந்த வழக்கில் வேறு ஒன்றுமில்லை, ஐம்பது ரூபாய்க்குள் அடங்கும் ஒரு பேட்டரிதான் மிஞ்சும்.

கடையும் மெஷினும்

நான் கம்பத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். என் வேலையில் பாதி மலைக்கு மேலேதான். விடியற்காலையில் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏலத்தோட்டத்து ஆட்களை அடைத்துக்கொண்டு ஜீப்புகள் மேலே போகும். பின்னாடியே நானும் பைக்கில் போவேன். செக்போஸ்ட் தாண்டியதும் போர்டு எழுத்து மலையாளத்துக்கு மாறும், கடைக்குள் பேச்சு தமிழாகவே இருக்கும். புற்றடியில் ஸ்பைசஸ் போர்டின் (மத்திய அரசின் நறுமணப் பொருள் வாரியம்) மின்-ஏலம், கீழே போடிநாயக்கனூரிலும் அதே மின்-ஏலம். ஏலக்காய் வாங்குகிறவர் இரண்டு பக்கமும் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். (ஏலத்துக்கு ஏலம் போனேன் என்று இந்த ஊரில் சொன்னால் யாரும் சிரிப்பதில்லை, அதுதான் தொழில்.)

கடையில் இருந்தது நாலாம் தலைமுறை இன்டெல் ஐ3 கம்ப்யூட்டர் பெட்டி. பத்து வயசு. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 அன்று ஆதரவு முடிவதாக இருந்தது, விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இந்த மதர்போர்டில் கிடையாது, பிராசசரும் பட்டியலில் இல்லை. முதலாளி கணக்குப் போட்டார். "ஏ தம்பி, ஓடுற வண்டியை எதுக்கு எடைக்குப் போடணும்?" ஒரு எஸ்எஸ்டி மாட்டி, லினக்ஸ் மின்ட் 22 போட்டு, மெயிலுக்கும் காலண்டருக்கும் தண்டர்பேர்டு என்று முடிவானது. புரட்டாசியில் வேலை முடிந்தது.

முதல் அமைப்பு

பழைய மெயில் முழுக்க அவுட்லுக்கில், மெயிலைக் கம்ப்யூட்டருக்கே இறக்கிக்கொள்ளும் பாப் முறையில் இருந்தது. இறக்கிய மெயிலை 14 நாளில் சர்வரிலிருந்து அழி என்ற அதன் வழக்கமான அமைப்பை யாரும் மாற்றவில்லை. ஆக ஆறு வருஷத்து மெயில் ஒரே ஒரு பிஎஸ்டி ஃபைலில் மட்டும் உயிரோடு இருந்தது. ரீட்பிஎஸ்டி என்ற சின்ன கருவியால் அதை எம்பாக்ஸ் என்ற பொது வடிவத்துக்கு மாற்றி, இம்போர்ட்எக்ஸ்போர்ட்டூல்ஸ் என்ஜி என்ற ஆட்-ஆன் வழியாக லோக்கல் ஃபோல்டருக்குள் கொண்டுவந்தேன். ராத்திரி விட்டுவிட்டுத் தூங்கினேன், காலையில் முடிந்திருந்தது.

புதுக் கணக்கை, மெயில் சர்வரிலேயே தங்கும் ஐமேப் முறையில் வைத்தேன், போர்ட் 993. அனுப்புவதற்கு எஸ்எம்டிபி 465. தண்டர்பேர்டு டொமைன் பெயரின் முன்னால் "மெயில்" என்று போட்டு சர்வர் பெயரைத் தானே ஊகித்தது. உடனே, சர்வர் அசல்தான் என்று காட்டும் சான்றிதழ் பொருந்தவில்லை என்று எச்சரிக்கை. ஒரே சர்வரைப் பலர் பகிர்ந்துகொள்ளும் ஹோஸ்டிங்கில் இது சகஜம்: சான்றிதழ் ஹோஸ்டிங் கம்பெனியின் சர்வர் பெயருக்கு இருக்கும், நம் டொமைன் பெயருக்கு இருக்காது. பலர் இங்கே "விதிவிலக்கு சேர்" பட்டனை அமுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். அமுக்காதீர்கள். ஹோஸ்டிங்கின் சொந்த சர்வர் பெயரைக் கேட்டு வாங்கிப் போட்டால் எச்சரிக்கை தானாக அடங்கும்.

காலண்டர் இப்போது தண்டர்பேர்டுக்கு உள்ளேயே இருக்கிறது. 2020இல் வந்த 78ஆம் பதிப்போடு லைட்னிங் என்ற தனி ஆட்-ஆன் தேவையில்லாமல் போனது. அதே ஹோஸ்டிங்கில் காலண்டரைப் பல கருவிகளில் பகிரும் கால்டாவ் வசதி இருந்தது, அதனால் அக்காவின் கம்ப்யூட்டர், முதலாளியின் போன் இரண்டுக்கும் ஒரே காலண்டர். மூன்று வண்ணம் பிரித்தோம். ஏல நாட்கள் பச்சை. லாரி நீலம். ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலுக்குக் கடைசி நாட்கள் சிவப்பு: மாதம் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி 3பி. விடுமுறைப் பட்டியல் மட்டும் இரண்டு மாநிலத்துக்கும் வேண்டும் என்று அக்கா பிடிவாதம் பிடித்தார். நியாயம்தான். அந்தப் பக்கம் ஹர்த்தால் என்றால் லாரி நகராது, இந்தப் பக்கம் பொங்கல் என்றால் ஏலப் பழம் எடுக்க ஆள் மலை ஏறாது.

ஏல நாட்களில் காலை 9:15க்கு நினைவூட்டல் எழும்ப வேண்டும். தண்டர்பேர்டு திறந்திருந்தால்தான் நினைவூட்டல் எழும்பும் என்று சொல்லி, கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் அது தானாகத் திறக்கும்படி வைத்தேன்.

இன்னொரு சின்ன வேலை. கீழ்ப் பட்டையில் இருந்த கடிகாரம் 18:45 என்று காட்டியது. "இதைப் பாத்து நான் பன்னெண்டைக் கழிச்சுக்கிட்டு இருக்கணுமா தம்பி? சுவர்க் கடிகாரம் மாதிரி வச்சுக் குடு" என்றார் அக்கா. வைத்துக் கொடுத்தேன். ஏஎம், பிஎம் இல்லாமல், தேதி இல்லாமல், வெறும் மணியும் நிமிஷமும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஏற்றம்

புகார்கள் இரண்டு. டெல்லிப் பார்ட்டிக்குக் காலை மெயில் சரியாகப் போவதில்லை. ஏல நினைவூட்டல் சில நாள் எழும்புவதில்லை, சில நாள் எழும்புகிறது.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. காலண்டரைத் திறந்ததும் ஒரு பிழை கண்ணில் பட்டது. கொச்சிப் பார்ட்டி ஒருவர் அனுப்பிய கூட்ட அழைப்பு, காலை 11க்கு இருக்க வேண்டியது, மாலை 4:30 என்று உட்கார்ந்திருந்தது. ஐந்தரை மணி வித்தியாசம் என்றால் நம் ஊரில் யோசிக்கவே வேண்டாம். அழைப்போடு வரும் ஐசிஎஸ் என்ற காலண்டர் ஃபைலைத் திறந்து பார்த்தேன். தொடக்க நேரம் 110000 என்று இருந்தது, அதன் வாலில் ஒரு "இசட்" எழுத்து. ஐகாலண்டர் என்ற அந்த ஃபைல் வடிவத்தின் விதிப்படி அந்த வால் இருந்தால் அது யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். நம் ஊர் அதற்கு ஐந்தரை மணி முன்னால். அவர்களுடைய மென்பொருள் நம் ஊர் நேரத்தை எழுதிவிட்டு யூடிசி வாலை ஒட்டியிருக்கிறது. தண்டர்பேர்டு சொன்னதை நம்பி ஐந்தரையைக் கூட்டிக் காட்டியது. தப்பு அனுப்பியவர் பக்கம்.

பிழை கிடைத்துவிட்ட சந்தோஷத்தில், நினைவூட்டல் தகராறும் இதனால்தான் என்று முதலாளியிடம் அடித்துச் சொன்னேன். கொச்சிக்கு ஒரு மெயிலும் போட்டேன். உண்மையில் ஏல நாட்கள் எல்லாம் அக்கா கையால் பதிந்தவை, சரியான நேர மண்டலத்தோடு இருந்தவை, அவற்றுக்கும் கொச்சி அழைப்புக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு நிமிஷம் யோசித்திருந்தால் தெரிந்திருக்கும்.

கிளம்பும்போது அக்கா சொன்னார்: "தம்பி, இதுல மணி காலைல கொஞ்சம் மெதுவா ஓடுது. அப்புறம் சரியாயிடுது." நான் கடிகாரத்தைப் பார்த்தேன். 1:10. என் போனிலும் 1:10. "அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா" என்று சிரித்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

இரண்டாவது ஏற்றம்

நாலு நாளில் மறுபடி போன். இந்தத் தடவை மெயிலை மட்டும் பார்ப்போம் என்று போனேன். சாயந்தரம் மூன்று மணி.

போகாத மெயில் என்றால் முதல் சந்தேகம் ஸ்பாம். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் மாதிரி பெரிய பெட்டிகள் அனுப்பியவர் அசல்தான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் என்ற அடையாளங்களில் ஒன்றாவது இல்லாத மெயிலிடம் கறாராக இருக்கின்றன. கடையின் டொமைனில் இரண்டுமே சரியாக இருந்தன. அனுப்பியவை ஃபோல்டரில் எல்லா மெயிலும் இருந்தது. திரும்பி வந்த மெயில் ஒன்றும் இல்லை. முதலாளி தன் போனுக்கும் ஒரு நகல் போட வைத்திருந்தார். அதிலும் தினமும் காலை எட்டு மணி வாக்கில் ஒழுங்காக வந்திருந்தது. "என் போன்ல கரெக்டா விழுகுது. அவன் பேரம் பேசறதுக்காகக் கதை விடுறான்" என்றார் முதலாளி.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனாலும் "திரும்பத் திரும்ப நேத்து ரேட்" என்ற வார்த்தை உறுத்தியது. ஏமாற்றுகிறவன் "மெயில் வரவில்லை" என்று சொல்வான், "நேற்றையது வருகிறது" என்று சொல்ல மாட்டான். ஒரு வாரத்துக்கு எல்லாக் காலை மெயிலிலும் எனக்கு ஒரு மறை நகல் போடும்படி அக்காவிடம் சொல்லிவிட்டு இறங்கினேன். இரண்டாம் ஏற்றத்தில் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

மெயிலின் முத்திரை

மறுநாள் புதன்கிழமை. என் கடையில் தண்டர்பேர்டைத் திறந்தேன். புது மெயில் வந்த சத்தம் கேட்டது, பட்டியலின் உச்சியில் ஒன்றும் இல்லை. கீழே தேடினேன். செவ்வாய்க்கிழமை சாயந்தர மெயில்களுக்கு நடுவில் அக்காவின் ரேட் மெயில் பதுங்கியிருந்தது.

கன்ட்ரோல்-யூ அழுத்தினால் மெயிலின் மூலம் முழுக்கத் திறக்கும். அதில் இரண்டு வகை நேரம் இருக்கும். "டேட்" என்ற வரி, அனுப்புகிறவர் கம்ப்யூட்டரே எழுதுவது. கடிதத்தின் மேல் மூலையில் நாம் பேனாவால் எழுதும் தேதி மாதிரி. "ரிசீவ்டு" என்ற வரிகள், வழியில் உள்ள ஒவ்வொரு சர்வரும் தன் பங்குக்கு மேலே மேலே ஒட்டுவது. தபால் முத்திரை மாதிரி. முத்திரைகளைக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும், கடைசியாக ஒட்டியது உச்சியில் இருக்கும்.

பேனாத் தேதி: செவ்வாய், 18:52:07, +0530.

முதல் முத்திரை: புதன், 02:41:40, +0000. நம் நேரத்துக்கு மாற்றினால் புதன் காலை 08:11:40.

இடைவெளி 13 மணி 19 நிமிஷம். நேர மண்டலத் தப்பு என்றால் வித்தியாசம் அரை மணி, முக்கால் மணி என்று முழுசாக வரும். பத்தொன்பது நிமிஷம் எந்த நாட்டு நேர மண்டலத்திலும் கிடையாது. ஆக இது மண்டலம் அல்ல, கடிகாரமே வேறு நாளில் நிற்கிறது.

முதலாளி போனில் ஏன் சரியாகத் தெரிந்தது என்பதும் இப்போது புரிந்தது. அவருடைய செயலி மெயில் வந்து சேர்ந்த நேரத்தைக் காட்டும் ரகம், அதாவது முத்திரையை. டெல்லிக்காரர் டெஸ்க்டாப் மென்பொருளில் "டேட்" பத்தியை வைத்து வரிசைப்படுத்துகிறவர், அதாவது பேனாத் தேதியை. இரண்டு பேருமே கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள்.

அந்த வாரம் ஆறு மெயில் வந்தது. நாலில் வித்தியாசம் பெரிசு. இரண்டில் ஒரு மணி நேரத்துக்குள். திங்கட்கிழமை மெயில்தான் அழகு: 37 மணி 24 நிமிஷம். திங்கள் காலை அனுப்பிய மெயிலுக்குச் சனிக்கிழமை சாயந்தரத் தேதி.

சனிக்கிழமை கடை எத்தனை மணிக்கு மூடினீர்கள் என்று போனில் கேட்டேன். ஆறரைக்கு. மெயிலில் இருந்த நேரம் 18:41.

மூன்றாவது ஏற்றம், காலை ஏழு மணி

இந்தத் தடவை ஜீப்புகளோடு கிளம்பினேன். ஸ்வெட்டருக்குள் பனி இறங்கியது. கடை வாசலில் அக்காவும் நானும் ஒன்றாகத்தான் போய்ச் சேர்ந்தோம். "யாரும் எதையும் தொடாதீங்க, நீங்க தினமும் செய்யுற மாதிரியே செய்யுங்க" என்றேன்.

கதவைத் திறந்து அவர் முதலில் போனது கம்ப்யூட்டர் பக்கம் இல்லை. சுவரில் இருந்த மெயின் சுவிட்சை ஏற்றினார்.

"தினமும் மெயினை ஆஃப் பண்ணிட்டா போவீங்க?"

"இடி இருக்கிற அன்னைக்கு மட்டும். ஐப்பசி இடி தெரியும்ல, ரெண்டு மோடம் போயிடுச்சு. அதுக்கப்புறம் மோடம் முதலாளி ரூம்ல, பிளக்கைப் பிடுங்கிட்டுப் பூட்டிட்டுப் போயிருவாரு. எட்டு மணிக்கு அவர் வந்துதான் மாட்டணும்."

கம்ப்யூட்டர் ஆன் ஆனது. என் போனில் 7:09. கீழ்ப் பட்டையில் 6:44.

"பாத்தியா? நான் அன்னைக்கே சொன்னேன். மெதுவா ஓடுதுன்னு."

கடிகாரத்தின் மேல் கிளிக் செய்தேன். காலண்டர் விரிந்தது. நேற்றைய தேதி கட்டம் கட்டியிருந்தது. அது மெதுவாக ஓடிய காலை மணி இல்லை, நேற்றுச் சாயந்தரம் மணி 6:44. பன்னிரண்டு மணிக் கணக்கில், ஏஎம் பிஎம் இல்லாமல் பார்த்தால் இருபத்தைந்து நிமிஷம் பின்னால் இருக்கிற காலைக் கடிகாரம் மாதிரியே இருக்கும். அப்படிப் பார்க்கும்படி வைத்துக் கொடுத்தது யார்? நான்.

டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் என்று அடித்தேன், கடிகார நிலையைக் காட்டும் கட்டளை அது. ஊர் நேரம் நேற்று மாலை. ஒத்திசைவு: இல்லை. அதற்கு மேல் ஒரு வரி, போர்டில் இருக்கிற வன்பொருள் கடிகாரத்தின் நேரம்: 2015 ஜனவரி 1, நள்ளிரவு தாண்டி சில நிமிஷம். போர்டு தன் பிறந்த வருஷத்துக்கே போயிருந்தது.

இதற்குள் அக்கா ரேட் மெயிலை அடித்து அனுப்பு பட்டனை அழுத்திவிட்டார். மோடம் இன்னும் செத்துக் கிடக்கிறது, கேபிள் நேராக மோடத்துக்குப் போகிறது, அதனால் இணைப்பே இல்லை என்று தண்டர்பேர்டுக்குத் தெரியும். மெயில் அவுட்பாக்ஸில் காத்திருந்தது. பேனாத் தேதியை நேற்றையதாக எழுதிக்கொண்டு.

8:04க்கு முதலாளி வந்தார். மோடம் உயிர் பெற்றது. நாங்கள் மூன்று பேரும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம், உறியடி பார்க்கிற மாதிரி. 7:42 என்று இருந்தது சட்டென்று 8:07 ஆனது. இடையில் பன்னிரண்டு மணி நேரம் கண்ணுக்குத் தெரியாமல் போனது. தண்டர்பேர்டு, அனுப்பாத மெயில்களை இப்போது அனுப்பவா என்று கேட்டது. அக்கா வழக்கம்போல் சரி என்றார்.

டீ சொல்லி 9:15 வரை உட்கார்ந்தோம். அன்று ஏல நாள். நினைவூட்டல் எழும்பவில்லை.

என்ன நடந்திருக்கிறது

மதர்போர்டில் நாணயம் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032. கம்ப்யூட்டருக்குக் கரன்ட்டே வராதபோது நேரத்தைக் காப்பாற்றுவது அதன் வேலை. பிளக்கில் கரன்ட் இருக்கும்வரை, கம்ப்யூட்டரை ஷட்டௌன் செய்திருந்தாலும், பவர் சப்ளையிலிருந்து வரும் சின்னக் கரன்ட் போதும். பேட்டரி செத்திருந்தாலும் வெளியே தெரியாது. புரட்டாசி வரை யாரும் மெயினை அணைக்கவில்லை. ஐப்பசி இடியோடு பேட்டரியின் சாவு வெளியே வந்தது. சில நாள் வருகிறது, சில நாள் இல்லை என்ற புதிருக்கு விடை இடிதான். அக்காவிடம் மெயின் அணைத்த ராத்திரிகளைக் கேட்டு என் குறிப்போடு ஒப்பிட்டேன். நாலும் நாலும் பொருந்தின.

சரி, 2015 என்று ஏன் காட்டவில்லை? இங்கேதான் லினக்ஸின் மரியாதை. சிஸ்டம்டி-டைம்சிங்க்டி என்ற சேவை கடைசியாகத் தெரிந்த நேரத்தை டிஸ்கில் ஒரு ஃபைலில் குறித்துக்கொண்டே இருக்கும். மறுபடி ஆன் ஆகும்போது வன்பொருள் கடிகாரம் அதைவிடப் பழைய நேரத்தைச் சொன்னால், "நான் கடைசியாகப் பார்த்தது இது" என்று குறித்து வைத்த நேரத்துக்குக் கடிகாரத்தை நகர்த்திவிடும். அதாவது நேற்று ஷட்டௌன் செய்த நேரம். நோக்கம் நல்லது. பழைய விண்டோஸே இருந்திருந்தால் 2015 என்று காட்டியிருக்கும், எந்த வெப்சைட்டும் திறந்திருக்காது, சான்றிதழ் செல்லாது என்று கத்தியிருக்கும், முதல் நாளே பேட்டரியை மாற்றியிருப்போம். சில மணி நேரம் மட்டும் பின்தங்கிய கடிகாரத்தில் சான்றிதழ்கள் எல்லாம் செல்லும். கத்த ஒன்றுமில்லை. காய்ச்சலை மாத்திரை போட்டு மறைத்த மாதிரி.

இணைப்பு வந்ததும் அதே சேவை, இணையத்தில் சரியான நேரம் சொல்லும் என்டிபி சர்வரிடம் கேட்டு நேரத்தைச் சரி செய்கிறது. அதோடு நிற்பதில்லை. நேரம் ஒத்துப்போனபின் லினக்ஸின் உட்கருவான கெர்னல் 11 நிமிஷத்துக்கு ஒருமுறை அந்தச் சரியான நேரத்தை வன்பொருள் கடிகாரத்திலும் எழுதிவிடுகிறது. நான் முதலில் போனது மதியம் பன்னிரண்டு, இரண்டாவது மூன்று மணி. எந்தக் கட்டளை போட்டிருந்தாலும் எல்லாம் சரி என்றுதான் வந்திருக்கும். டாக்டர் வரும் நேரத்தில் மட்டும் நாடி ஒழுங்காக ஓடியிருக்கிறது. ஆனாலும் அக்காவின் ஒரு வாக்கியத்தைக் கேட்டு, கம்ப்யூட்டர் தன் நடப்புகளைக் குறித்துவைக்கும் ஜர்னலைப் புரட்டியிருந்தால் அன்றே பிடித்திருக்கலாம். பிறகு புரட்டினேன். கடிகாரத்தைப் பதிவில் இருந்த நேரத்துக்கு நகர்த்தியதும், பின்னால் என்டிபியோடு முதல்முறை ஒத்திசைந்ததும் ஒவ்வொரு இடி நாளிலும் வரிவரியாக எழுதப்பட்டிருந்தன.

நினைவூட்டல் கதை இதன் கிளை. காலையில் தண்டர்பேர்டு திறக்கும்போது அதற்கு மணி நேற்று மாலை ஆறு ஐம்பது. நாளை 9:15க்கு இன்னும் பதினாலு மணி இருபத்தைந்து நிமிஷம் என்று கணக்குப் போட்டு டைமர் வைக்கிறது. கடிகாரம் நடுவில் தாவியது டைமருக்குத் தெரியாது. அது பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருக்கும்.

சரி செய்தது

பேட்டரி வண்டன்மேட்டிலேயே வாட்ச் கடையில் கிடைத்தது. பழையதை மீட்டரில் வைத்தேன். மூன்று வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றேகால். புதியதை மாட்டி, நேரத்தை எழுதி, மெயினை அணைத்து, இன்னொரு டீ குடித்துவிட்டு ஏற்றிப் பார்த்தோம். மோடத்தைப் பிடுங்கி வைத்துத்தான் பார்த்தோம், இல்லாவிட்டால் சோதனைக்கு அர்த்தமில்லை. நேரம் சரியாக இருந்தது.

மதர்போர்டின் சொந்த அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய்ப் பார்த்தால் நேரம் ஐந்தரை மணி பின்னால் இருக்கும். அது தப்பில்லை, லினக்ஸ் வன்பொருள் கடிகாரத்தை யூடிசியில் வைக்கும், விண்டோஸ் ஊர் நேரத்தில் வைக்கும். அடுத்து வரும் மெக்கானிக் யாராவது நல்ல எண்ணத்தில் அதைத் "திருத்தி" வைக்கக் கூடாது என்று பெட்டியின் பக்கவாட்டில் மார்க்கரால் எழுதி ஒட்டினேன்.

கீழ்ப் பட்டைக் கடிகாரத்தில் கிழமை, தேதி, ஏஎம் பிஎம் மூன்றையும் சேர்த்தேன். அக்காவே கேட்டு வாங்கினார். நேரம் ஒத்திசைந்த பிறகுதான் தண்டர்பேர்டு திறக்கட்டும் என்று ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிப் போடலாமா என்று யோசித்தேன். மோடம் வராத காலைகளில் பழைய மெயிலைக்கூடப் பார்க்க முடியாமல் போகும் என்பதால் விட்டுவிட்டேன். பேட்டரியில் வந்த கோளாறுக்கு மென்பொருளில் கட்டுப் போடுவது எனக்குப் பிடிக்கவும் இல்லை. ஏல நாள் நினைவூட்டல் முதலாளியின் போனிலும் அடிக்கும்படி மட்டும் வைத்தேன். காலண்டர் ஒன்றுதான் என்பதால் அங்கே ஒரு டிக் போட்டால் முடிந்தது.

டெல்லிப் பார்ட்டியிடம் முதலாளி ஒரு வார்த்தை வருத்தம் சொன்னார். "பேட்டரி போச்சு" என்று சொன்னதற்கு, எந்த வண்டியில் என்று அவர் கேட்டாராம்.

மறை நகலை இன்னும் இரண்டு வாரம் நிறுத்தாமல் வைத்திருந்தேன். அந்த இரண்டு வாரத்தில் ஐந்து ராத்திரி இடி இருந்தது, மெயின் இறங்கியது. பேனாத் தேதிக்கும் முத்திரைக்கும் இடையே அதிகபட்ச வித்தியாசம் 58 நிமிஷம். அது அக்கா ஏழே கால் வாக்கில் மெயில் அடித்து, முதலாளி எட்டேகால் வாக்கில் வந்த நாள். மோடம் இன்னும் அவர் ரூமில்தான் பூட்டிக் கிடக்கிறது.

கொச்சிப் பார்ட்டியிடமிருந்து பதில் வரவில்லை. அவர்களுடைய அழைப்பு இப்போதும் மாலை 4:30 என்றுதான் வந்து விழுகிறது. அக்கா அதைக் கையால் 11 ஆக்கிவிட்டு, பக்கத்தில் "இசட்" என்று ஒரு குறிப்பும் போட்டு வைக்கிறார்.